தாகத்துக்கு என்ன குடிக்கிறோம்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சம்பளம், விடுமுறை, வீடு, வேலை நீக்கம் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று இந்த மேடையில் நாம் பேச எடுத்துக்கொண்டது தேத்தண்ணியைப் பற்றி. சிலருக்குச் சிரிப்பு வரலாம். “கூலியைப் பற்றிப் பேச வேண்டிய சங்கம் கோப்பையைப் பற்றிப் பேச வந்துவிட்டதே” என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள். கூலியைப் போராடி வாங்கிய கை, அந்தக் கூலியை எதற்குக் கொடுக்கிறது என்பதும் சங்கத்தின் காரியந்தான்.

முதலில் ஒரு கணக்கு. நாட்டு மக்களின் சுகாதாரத்தை அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். அதாவது இந்த மண்டபத்தில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால், ஏறக்குறைய ஒருவருக்கு அந்த வியாதி. மற்ற இரண்டு பேரைக் கைகாட்டி, “எனக்கில்லை” என்று சொல்லிவிட முடியாது. ஏனெனில் அதே ஆய்வில் வியாதி கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே அதுவரை தெரியாது! 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாடு முழுவதற்குமான அளவு 15.6 என்று சற்று இறங்கியது. நல்லதுதான். ஆனால் அதே ஆண்டில் உடல் எடை மிகுந்தவர்களும் பருத்தவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 54.4 பேர். 2019இல் இது 50.1 ஆக இருந்தது. எடை ஏறிக்கொண்டே போகும்போது இனிப்பு நீர் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியுமா?

இனிப்பு நீர் என்றால் என்ன? நாம் உண்பதும் குடிப்பதும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை இரத்தத்திலிருந்து தசைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் உள்ளே விடுகிற சாவி இன்சுலின். வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, பூட்டு துருப்பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது, சாவி திரும்புவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. ஒரு நாள் அதுவும் களைத்துவிடுகிறது. அப்போது சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, சிறுநீரிலும் வழிகிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் வியாதி என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

வெட்டுக்காரருக்கு இந்த வியாதி வந்தால் என்ன ஆகிறது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முதலில் கால். நரம்பு மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் தெரிவதில்லை. ஈரக் காட்டில், கிழிந்த பூட்சோடு ஐந்நூறு மரம் சுற்றி வருகிறவருக்கு அந்தச் சிறு காயம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுத்து, பின் பாதத்தை எடுத்து, சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்தது கண். பால் வெட்டுவது என்ன மரம் பிளக்கிற வேலையா? ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவுகிறோம். அதற்குமேல் கத்தி இறங்கினால் மரத்தில் காயம்; மண்டோரிடம் ஏச்சு. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் அந்த அளவு பார்த்து வெட்டுகிற கண், இனிப்பு நீரால் உள்ளே இரத்தம் கசிந்து மங்கினால் பிழைப்பு என்ன ஆகும்? மூன்றாவது சிறுநீரகம். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் இயந்திரத்துக்கு வருகிறவர்களில் பாதிக்குமேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்பு நீர்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் கட்டுண்டு கிடப்பவர் எந்த நிரையை வெட்டப் போகிறார்? எந்தக் கணக்குப் புத்தகத்தை முடிக்கப் போகிறார்?

இதற்குக் காரணம் பல. பரம்பரை உண்டு. சோறு மிகுதி, அசைவு குறைவு, வயது, புகை, எல்லாமும் உண்டு. தேத்தண்ணி ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. ஆனால் இவற்றில் நாளைக் காலையே, காசு செலவில்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல் நம் கையால் மாற்றக்கூடியது எது என்று பார்த்தால், அது நாம் குடிப்பதுதான். அதனால்தான் இன்று இதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு வெட்டுக்காரரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், நம்மில் பலருக்கும் பொருந்தும். விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு மங்கு. டின் பால் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 20 கிராம். அதில் சுமாராகப் பாதி சீனி. ஆக, முதல் கோப்பையிலேயே 20 கிராம் சீனி. வெட்டு முடிந்து பசியாறும்போது பிளாஸ்கில் கொண்டுபோன கோப்பி ஓ. அதில் இரண்டு தேக்கரண்டி சீனி, 10 கிராம். பால் எடுத்து நிறுத்துவிட்டு வந்ததும், வேர்வை வழிய, கடையில் சில்லென்று ஒரு டின் கலர் தண்ணி. நூறு மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ளதாக இருந்தால், 325 மில்லி டின்னில் 32 கிராம். மாலையில் கூட்டாளிகளோடு கடையில் ஒரு தே தாரேக், இன்னொரு 20 கிராம். இரவு படுக்குமுன் “உடம்புக்குச் சத்து” என்று டின் பால் சேர்த்த மால்ட் பானம். குறைத்துப் போட்டாலும் 15 கிராம்.

கிராணிமார் கூட்டிப் பாருங்கள், உங்களுக்குப் பழக்கமான வேலைதானே! 97 கிராம். ஐந்து கிராம் ஒரு தேக்கரண்டி என்று வைத்தால் பத்தொன்பது கரண்டிக்கு மேல். ஒரு வருஷத்துக்கு 35 கிலோ. பத்துக் கிலோ மூட்டை மூன்றரை மூட்டைச் சீனியை, ஒரு பல்கூட அசையாமல், தொண்டை வழியே இறக்கிவிடுகிறோம். இதில் சோறு சேரவில்லை, பலகாரம் சேரவில்லை, தீபாவளி சேரவில்லை. குடித்தது மட்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் என்ன சொன்னது? உணவிலும் பானத்திலும் சேர்க்கிற சீனியும், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சீனியும் சேர்ந்து, ஒருவருக்கு வேண்டிய மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்; இருபதில் ஒரு பங்குக்குக் குறைத்தால் இன்னும் நல்லது. சாதாரணமாக ஒருவருக்கு இது நாளுக்கு 50 கிராம். குறைத்தால் 25 கிராம். நம் தோழர் குடித்தே 97க்கு வந்துவிட்டார்.

2010இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, பல ஆய்வுகளில் சேர்ந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இனிப்புப் பானத்தை மாதம் ஒரு முறைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், நாளுக்கு ஒன்றோ இரண்டோ குடிப்பவர்களுக்கு இனிப்பு நீர் வரும் அபாயம் நூற்றுக்கு 26 பங்கு அதிகம் என்று அது கண்டது.

“சீனி எங்கிருந்து வந்தாலும் சீனிதானே, குடித்தால் என்ன, தின்றால் என்ன?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு கோப்பைச் சோறு தின்றால் வயிறு நிறைந்தது தெரியும். கை தானே நின்றுவிடும். அதே சக்தியைத் தண்ணீராகக் குடித்தால் வயிற்றுக்குத் தெரிவதில்லை. நம் தோழர் குடித்த 97 கிராம் சீனி ஏறக்குறைய இரண்டு கோப்பைச் சோற்றின் சக்திக்குச் சமம். ஆனால் அதற்காக மத்தியானம் அவர் ஒரு பிடிச் சோறு குறைத்துக்கொண்டாரா? இல்லை. இன்னொன்று, கரைந்த சீனி சில நிமிடங்களில் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு பகுதி நேரே ஈரலுக்குப் போய், மிகுந்தது அங்கே கொழுப்பாகிறது. கடித்து மென்று தின்கிற பழத்தில் நார் இருக்கிறது, மெதுவாகக் கரைகிறது. அதே பழத்தைப் பிழிந்து நாரை எறிந்துவிட்டுச் சாற்றைக் குடித்தால் அதுவும் சீனித் தண்ணிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னொரு தோழர் கேட்பார்: “நாங்கள் வேர்வை சிந்துகிறவர்கள், ஓடி ஓடி வெட்டுகிறோம். சீனி கரைந்துவிடாதா?” இதில் நியாயம் இருக்கிறது. உழைக்கிற தசை சர்க்கரையை எரிக்கும். அதை யாரும் மறுக்க முடியாது. காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேடு பள்ளம் ஏறி இறங்கிய நம் தாத்தாக்கள் காலத்தில் அந்தச் சீனி போன இடம் தெரியாது. இன்றோ பலருக்கு நிரை வரைக்கும் மோட்டார் சைக்கிள். வேலையும் மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஐந்து பானங்களில் மூன்று அதற்குப் பிறகுதான் வருகின்றன. அதோடு ரப்பர் வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டங்கள் எத்தனை! விற்று வீடு கட்டிய தோட்டங்கள் எத்தனை! அங்கிருந்து போன நம் மக்கள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், வாசலில் காவல் இருக்கிறார்கள், பாக்டரியில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தோட்டத்தை விட்டார்கள், தோட்டத்துத் தேத்தண்ணியை மட்டும் விடவில்லை. கிராணிமாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்தபடி பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று; எரிப்பதற்கு வேலையும் இல்லை.

நம் இனத்தவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளைக்காரருக்கு எந்த எடையில் இந்த வியாதி வருகிறதோ, அதற்குக் குறைந்த எடையிலேயே நமக்கு வந்துவிடுகிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே! அந்தத் தொப்பையைச் “செல்வ வயிறு” என்று சொல்லித் தடவிக்கொடுப்பது நம் வழக்கம். ஒரு நூலை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்குமேல் போனால் அது செல்வமல்ல.

இப்போது டின் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பால் என்று நாம் சொல்கிறோம். கடைகளில் இன்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி, உண்மையில், “கிரிமர்” என்று டின்னிலேயே எழுதப்பட்ட சரக்கு. செம்பனை எண்ணெய்க் கொழுப்பு, சீனி, கொஞ்சம் பால் மாவு. நாமே குலை வெட்டி அனுப்பிய செம்பனை, டின்னுக்குள் புகுந்து பால் என்ற பெயரில் நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது! இதைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ரோட்டரி சங்கத்தார் முன் நின்று, தாய்ப்பாலை விட்டுவிட்டு டின் பால் கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்வது குழந்தைகளைக் கொலை செய்வதற்குச் சமம் என்று பேசினார். கம்பெனிக்காரர்களை எதிர்த்து அப்படிப் பேச அந்தக் காலத்தில் எத்தனை துணிவு வேண்டும்! அந்தப் பழக்கம் இன்று பெருமளவு போய்விட்டது. ஆனால் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் போத்தலில் சிராப் தண்ணியும், அழுகிற பிள்ளையின் கையில் சாயப் பானப் பெட்டியும் இன்னும் போகவில்லை. பிள்ளைப் பருவத்தில் நாக்கு எந்த இனிப்புக்குப் பழகுகிறதோ, அதையே கடைசி வரை கேட்கும்.

நம் இயக்கத்தின் சரித்திரத்தில் குடிக்கும் பொருளைப் பற்றிய பேச்சு இது முதல் தடவையல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற போராட்டம் அது. சம்பள உயர்வு கேட்டார்கள். துரைமாரையும் உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடியும் சிறையும் பட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளை விற்று, ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை அவர்கள் கண்டுகொண்டார்கள். (அன்று யாரைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினார்களோ அந்த உத்தியோகஸ்தர் வீட்டுப் பேரனும், இறங்கியவரின் பேரனும் இன்று கிளினிக்கில் ஒரே பெஞ்சில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வியாதி மட்டும் சமத்துவம் பார்க்கிறது.)

தேத்தண்ணியைக் கள்ளோடு சேர்த்துப் பேசுகிறோம் என்று கோபிக்க வேண்டாம். கள் குடும்பத்தை அடித்தது, தேத்தண்ணி அப்படியல்ல. ஆனால் மதுவை அறவே விடாத தோழர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். சாராயத்தின் ஒவ்வொரு கிராம் ஆல்கஹாலிலும் 7 கலோரி சக்தி இருக்கிறது, சீனியில் நான்குதான். பீர் வயிறு என்று சொல்வது வெறும் கேலியல்ல. இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம்; பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். மலிவு சம்சுவின் ஆபத்தோ வேறு மாதிரி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை மறந்துவிடக்கூடாது; அவர்களில் பலர் நம்மைப் போன்ற தொழிலாளிகள்.

சரி, என்னதான் குடிப்பது? தண்ணீர். வேறு பதில் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. காலை வெட்டுக்குப் போகிறவர் வெறும் தண்ணீர் ஒன்றரை லிட்டராவது கையோடு கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் குடிப்பதைவிட, கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு கோப்பை என்று குடிப்பது வெயிலில் வேலை செய்பவருக்கு நல்லது. போதுமா என்பதை எப்படி அறிவது? சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் போதவில்லை. விளையாட்டுக்காரர் பானம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதிலும் சீனி உண்டு. வேர்வையில் போன உப்பை ஈடு செய்ய, மத்தியானச் சாப்பாட்டில் உள்ள உப்பே நம்மில் பெரும்பாலோருக்குப் போதும். உப்புப் போட்ட மோரோ, பழைய நீராகாரமோ வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். நம் பாட்டிமார் விட்டுச் சென்ற நல்ல பானங்கள் அவை. நீராகாரத்தில் சோறு எத்தனை பிடி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இளநீர் நல்லதுதான், அதிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு, ஒன்று போதும்.

தேத்தண்ணியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேயிலையிலும் கோப்பியிலும் குற்றமில்லை. அதில் நாம் கொட்டுவதில்தான் குற்றம். கடையில் “தே ஓ கோசோங்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் கசப்பாகத்தான் இருக்கும். ஒரேயடியாக விட முடியாதவர்கள் “குராங் மானிஸ்” என்று தொடங்கி, வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். பழைய தேத்தண்ணியை வாயில் வைத்தால் பாகு குடித்ததுபோல் இருக்கும். பால் வேண்டுமென்றால் சீனி சேராத பாலை ஊற்றுங்கள். இதில் வீட்டுத் தாய்மார்களின் கை பெரிது. சீனி டப்பா அவர்கள் கையில் இருக்கிறது. ஆண்களே, கரண்டி குறைந்த நாளில் “என்ன தண்ணியா இருக்கு” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்களும் விடியுமுன் எழுந்து, உங்களோடு வெட்டிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுகிறார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியிருந்த தாய்மார்கள், பிரசவத்தோடு போய்விட்டது என்று இருந்துவிடாமல் பின்னாலும் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

விருந்தாளிக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் கஞ்சன் என்பார்களே என்ற பயம் நமக்கு உண்டு. கோசோங்காகக் கலக்கி, சீனியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர் வேண்டியமட்டும் போட்டுக்கொள்ளட்டும். கோயில் திருவிழாவில், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அண்டா அண்டாவாகச் சிராப் கரைக்கிறோம். தண்ணீர்ப் பந்தல் என்றுதானே பெயர்? அதில் ஓர் அண்டா வெறும் தண்ணீரும், ஓர் அண்டா மோரும் வைத்தால் புண்ணியம் குறைந்துவிடாது.

செலவையும் பார்த்துவிடுவோம். கடையில் ஒரு கோப்பை இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு 26 நாள் என்றால் 104 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் பதினாறில் ஒரு பங்கு! எத்தனை பேச்சுவார்த்தையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் நமக்கு 104 வெள்ளி கூட்டித் தருவார்கள் என்பதைச் செயலாளரைக் கேளுங்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை 1 முதல், நூறு மில்லிக்கு 5 கிராமுக்குமேல் சீனி சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2024இல் 50 காசு. 2025 ஜனவரி 1 முதல் 90 காசு. வரிக்குப் பயந்து சில கம்பெனிகள் சீனியைக் குறைத்திருக்கின்றன. ஆகவே டின்னை வாங்கினால் பின்பக்கம் திருப்பி எண்ணைப் படியுங்கள். படிக்கச் சிரமப்படுகிற மூத்தவர்களுக்குக் கிராணிமார் படித்துச் சொல்லுங்கள். ஆனால் இந்த வரி பாக்டரிச் சரக்குக்குத்தான். கடையில் கலக்கித் தருகிற தே தாரேக்குக்கு இல்லை. சிங்கப்பூரில் 2022 முடிவிலிருந்து டின், போத்தல் பானங்களுக்கும், 2023 முடிவிலிருந்து பெரிய கடைகளில் கலக்கித் தருபவற்றுக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். அக்கரைக்கு வேலைக்குப் போய்வருகிற தோழர்கள் பார்த்திருப்பார்கள். டி என்று போட்டதைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இனி, சங்கத்தின் காரியத்துக்கு வருவோம். தொழிலாளியைப் பார்த்துத் தண்ணீர் குடி என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது எளிது. குடிக்க நல்ல தண்ணீர் எங்கே? வெளிக்காட்டில் குழாய் இருக்கிறதா? பால் நிறுக்கும் இடத்தில் காய்ச்சிய தண்ணீர் வைத்திருக்கிறார்களா? லயத்துக் குழாயில் சிவப்பாக வருகிறதா, வெள்ளையாக வருகிறதா? கலங்கல் தண்ணீர் வருகிற இடத்தில், பிள்ளைக்கு டின் பானம் வாங்கிக் கொடுக்கிற தாயை நாம் குறை சொல்ல முடியாது. தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446ஆம் சட்டம், சொல்கிறது. அது நிர்வாகத்தின் தயவு அல்ல. ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் எத்தனை குழாய், எந்த நேரம் வருகிறது, எந்த நிறத்தில் வருகிறது, எந்த நிரையிலிருந்து குடிதண்ணீருக்கு எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்று எழுதி எடுத்து வாருங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், தேதியோடு வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு அதையும் மேசையில் வைப்போம். வெளிக்காட்டுக்குக் குடிதண்ணீர் வண்டி கேட்பது பேராசை என்று யாராவது சொன்னால், மரத்துக்கு மருந்தடிக்க வண்டியில் தண்ணீர் போகிறதே, மனிதனுக்குப் போகக் கூடாதா என்று கேளுங்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லாமல் விட முடியாது. இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றைய பேச்சைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலுள்ள மிட்டாயையும் எறிந்துவிட வேண்டாம். கை நடுங்கி, குப்பென்று வேர்த்து, கண் இருட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது சீனித் தண்ணிதான் மருந்து. சிறுநீரகமோ இருதயமோ கெட்டவர்களுக்கு டாக்டர் தண்ணீரை அளந்து கொடுத்திருப்பார். அவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம். காரணமில்லாமல் தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், உடம்பு இளைத்து வந்தால், “வெயில் தாகம்” என்று சொல்லிக் கலர் தண்ணியாக வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அது இனிப்பு நீரின் தாகமாக இருக்கலாம். அந்தத் தாகத்துக்குச் சீனித் தண்ணி ஊற்றுவது நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுவதுதான். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும்.

சோதனைக்குக் காசு இல்லை என்ற பேச்சும் இனி வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மருந்தும் அதற்குள் அடக்கம். 40 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த குடும்பத்தாருக்கு இலவச உடல் சோதனை செய்ய “பெக்கா பி40” என்ற திட்டம் வந்தது. பெர்கேசோவும் தன் உறுப்பினர்களுக்குச் சோதனைத் திட்டம் நடத்தியிருக்கிறது. பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர்கள் ஆபீஸ் கிராணியாரிடம் அடையாளக் கார்டைக் கொடுங்கள்; ஐந்து நிமிட வேலை, அவர் மறுக்க மாட்டார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0க்கு எட்டினால் வியாதி என்று கணக்கு. டாக்டர் இன்னொரு முறையும் சோதித்து உறுதி செய்வார். அதற்குக் கீழே, ஆனால் சாதாரணத்துக்கு மேலே இருக்கிறவர்கள்தான் இன்றைய பேச்சால் அதிகம் பயன் அடையக் கூடியவர்கள். எடையைக் கொஞ்சம் இறக்கி, குடிப்பதையும் சாப்பிடுவதையும் மாற்றி, நடந்து வந்தால், வியாதி வராமலே தடுக்கவும் பல ஆண்டுகள் தள்ளிப்போடவும் அவர்களால் முடியும்.

கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளர் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். கிளினிக்குக்குச் சேர்ந்து போக விரும்புகிறவர்கள் பெயரையும் வயதையும் அதில் எழுதிக்கொடுங்கள். வேன் ஏற்பாட்டைக் கிளை பார்த்துக்கொள்ளும். போகிற நாளுக்கு முந்தின இரவு பத்து மணிக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கையோடு கொண்டுவந்து, இரத்தம் எடுத்த பிறகு நர்ஸைக் கேட்டுச் சாப்பிடுங்கள். காலையில் தேத்தண்ணி குடிக்காமல் வர வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம்.